எழுபத்திரண்டு யவனர்களும் ஒரு சொல்லும்

கடல் பக்கமிருந்து அவர்கள் வந்தது ஒரு பங்குனி மாதத்து வியாழக்கிழமை, அந்த வருசத்தின் முதல் உப்பு பாத்திகளில் பூத்த நான்காம் நாள், காலை பத்து மணி இருக்கும். கீழஅளத்தின் பெண்கள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தபோது, அலைக்கும் உப்பளத்துக்கும் நடுவே கிடக்கும் சேற்றுவெளியில், இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் போட்ட ஆட்கள், கழுத்துயரக் கேடயங்களைத் தூக்கிக்கொண்டு, தலையில் சிவப்பு மயிர்க்கொண்டை வைத்த ஒருவர் முன்னே நடக்க, உடம்பெல்லாம் கடல்நீர் சொட்டச் சொட்ட, எல்லாருடைய காலும் ஒரே தாளத்தில் விழ, எங்களை நோக்கி நடந்து வந்தார்கள்.

யாரும் ஓடவில்லை. வரப்பில் ஓடினால் வரப்பு உடையும், உடைந்தால் அரைநாள் மண் சுமக்க வேண்டும். முதல் பாத்தியில் நின்ற வெயிலுகந்தாள் மட்டும் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒவ்வொருத்தரா வரப்பு மேல வாங்க. பாத்தில கால வச்சிராதீங்க, உப்பு கலங்கிரும்,” என்றாள்.

முன்னே வந்தவர் கையிலிருந்த கொடிக்கம்பை உயர்த்தினார். அத்தனை பேரும் நின்றார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக, கேடயத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஒரு பரல் உப்புக்கூடச் சிதறாமல் அரை மைல் வரப்பைக் கடந்து போனார்கள். எங்களுக்கு அவர்களைப் பிடித்துப்போனது அதனால்தான். கம்பெனி மேனேஜர் ஜெபத்துரைகூட அந்த வரப்பில் அவ்வளவு மரியாதையாக நடந்ததில்லை.

அவர்கள் பேசியது அவர்களுடைய பேச்சு, நாங்கள் பேசியது எங்களுடையது. மூன்றாம் நாளுக்குள், அவர்கள் சொல்வது எங்களுக்குப் புரிவதும் நாங்கள் சொல்வது அவர்களுக்குப் புரிவதும் வழக்கமாகிவிட்டது. எப்போதிருந்து புரிய ஆரம்பித்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. நகரத்திலிருந்து வந்து பார்த்த சரித்திர வாத்தியார் ஒருவர், இவர்கள் யவனர்கள், ரோமாபுரிச் சிப்பாய்கள், இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தினவர்கள் என்று சொன்னார். ராமநாதபுரத்திலிருந்து வருகிறார்கள் என்று சொன்னால் எப்படித் தலையாட்டுவோமோ அப்படித் தலையாட்டி, அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்களுக்குக் கால் வலிக்குமே என்று பேசிக்கொண்டோம்.

கிராம நிர்வாக அலுவலர் வந்து தலைகளை எண்ணினார். எழுபத்திரண்டு. சப்-இன்ஸ்பெக்டர் வந்து எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். உத்தரவு வரும்வரை என்று தலைவர் சொன்னார். “சரி, உத்தரவு வந்ததும் ஒரு நகல ஸ்டேஷன்ல குடுத்துட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தலைவரின் பெயர் குவிந்துஸ். அந்தப் பெயரை எங்கள் வாய் ஒரு வாரம் சுமந்து பார்த்துவிட்டுக் கோவிந்தன் என்று இறக்கிவைத்தது. கோவிந்தன் அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஊருக்குள் மட்டும் அவர்கள் வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. உடைமரக் காட்டில் ஒரே பகலில் சதுரமாக அகழி வெட்டி, மண்ணை உள்பக்கம் ஏற்றிக் கட்டி, கூடாரம் போட்டுக்கொண்டார்கள். சோறு கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பித் தந்தார்கள். கோதுமை ரொட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தங்களுக்கு விதிக்கப்பட்டது பார்லிதான் என்றார்கள். பார்லி நாட்டுமருந்துக் கடையில்தான் கிடைத்தது, கால் வீங்கினவர்களுக்கும் நீர்க்கடுப்புக்காரர்களுக்கும் கொடுப்பது; எழுபத்திரண்டு பேருக்கு வாங்கப் போனபோது கடைக்காரர் கீழஅளத்துக்கே சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று நினைத்துத் துக்கம் விசாரித்தார்.

இப்படியே சித்திரை வந்தது. உப்புச்சுமை தூக்கினார்கள், உடைந்த வரப்பைக் கட்டினார்கள், எங்கள் பெண்களின் பாளம்பாளமாக வெடித்த பாதங்களைப் பார்த்துத் தங்கள் செருப்புத்தோலை அறுத்துக் கொடுத்தார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். சிரித்து யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சித்திரையில்தான் ஜெபத்துரை காகிதத்தோடு வந்தார்.

போன வருசம் நாங்கள் மூன்று நாள் வேலைக்கு இறங்காமல் உட்கார்ந்திருந்தோம். கேட்டது பெரிய சமாச்சாரம் எதுவுமில்லை. காலுக்கு ரப்பர் பூட்ஸ், வெள்ளை உப்பின் வெளிச்சத்தில் கண் அவியாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி, ஒதுங்குவதற்கு நாலு சுவரும் ஒரு கதவும். அப்போது சரி சரி என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஒரு வருசம் ஊறப்போட்டு, இப்போது கம்பெனி பதில் அனுப்பியிருந்தது. ஜெபத்துரையும் உப்பு வாரியவள் பெற்ற பிள்ளைதான்; காகிதத்தைப் படிக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் அம்பாரமாகக் குவிந்து கிடந்த உப்பைப் பார்த்தே படித்தார்.

“ஆள் ஜாஸ்தியாம். எறநூத்தி இருவது பேரு இருக்கீங்க. பத்து பத்துப் பேரா பிரிஞ்சி நிக்கணும். பத்துக்கு ஒண்ணு வெளிய போகணும். யாருங்குறத கம்பெனி சொல்லாது. நீங்களே குடத்துல கைய விட்டுச் சீட்டு எடுத்துக்கிடணும். கறுப்புச் சீட்டு வந்தவங்க கம்பெனி குடுத்த லயன் வீட்டையும் காலி பண்ணணும்.”

“அம்புட்டுதானா?” என்று வெயிலு கேட்டாள்.

ஜெபத்துரை காகிதத்தைத் திருப்பினார். “மிச்ச ஒம்போது பேரும், போறவங்க ஒழுங்கா வேலை பாக்கலன்னு கையெழுத்துப் போடணும். அவங்க சாமான நீங்கதான் தூக்கி வெளிய வைக்கணும். நாளன்னைக்குக் காலைல குடம் வரும்.”

அவர் போனபின் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம். வெயிலுவுக்குப் பக்கத்துப் பாத்தி சந்தனமாரியுடையது. இருபது வருசமாக இருவரும் ஒரே தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்தவர்கள், ஒருத்திக்கு ஒருத்தி மைனி என்று முறை வைத்துக் கூப்பிடுகிறவர்கள்.

“மைனி, பத்துல ஒம்போது பேரு இருக்கலாம்லா,” என்றாள் சந்தனமாரி, குனிந்தபடியே. “நம்மளுக்கே வரும்னு என்ன இருக்கு? நான் கையெழுத்துப் போட்டுருவேன். எம்மவளுக்கு இது ஏழாம் மாசம். அவளத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?”

வெயிலு உப்பை வாரிக்கொண்டே இருந்தாள். அவளும் அதே நேரத்தில் மனசுக்குள் ஒன்பது என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தாள். தன் குழுவில் யார் யார் வருவார்கள், அதில் யாருக்கு வந்தால் பரவாயில்லை என்றுகூட நினைத்துவிட்டாள். விதவை இசக்கிக்கு வந்தால் பரவாயில்லை, அவளுக்குப் பிள்ளை இல்லை என்று நினைத்தாள். நினைத்ததும், இசக்கி நின்ற பாத்திப்பக்கம் திரும்பாமல் குனிந்துகொண்டாள்.

மத்தியானம் கஞ்சி வேளையில் அவள் உடைமரக் காட்டுக்குப் போனாள். செய்தி அவளுக்கு முன்பே போயிருந்தது. எழுபத்திரண்டு பேரும் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, வெயிலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கோவிந்தன் அண்ணாச்சி மட்டும் அகழிக்கரையில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, எல்லாரும் இப்படி நிக்காவ?”

அவர் தன் பேச்சில் அவளைச் சகோதரி என்றார். எங்கள் காதில் அது தங்கச்சி என்றுதான் விழும்.

“தங்கச்சி, நாங்கள் எண்பது பேர். ஒரு மலையடிவாரத்தில் சண்டை. விடியற்காலையில் மூடுபனிக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள், நாங்கள் பயந்து ஓடிவிட்டோம். ஓடியது உண்மை. தளபதி எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு பானையைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே கற்கள். பத்துக்கு ஒன்று கறுப்பு.”

வெயிலு அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

“என் பத்தில் லூக்கியுஸ் கறுப்பை எடுத்தான். ஒரே கூடாரத்தில் பதினாலு வருசம் படுத்தவன். எங்கள் சட்டப்படி கறுப்பை எடுத்தவனை வேறு யாரும் கொல்லமாட்டார்கள். மிச்ச ஒன்பது பேரும் கையில் தடி எடுத்து அடித்தே கொல்ல வேண்டும். அவன் என்னைப் பார்த்தான். நான் பலசாலி, ஒரே அடியில் முடித்துவிடுவேன் என்று நம்பித்தான் பார்த்தான். நான் முதல் அடியை மெதுவாக அடித்தேன். மனசு வரவில்லை, அதனால் மெதுவாக அடித்தேன். அதனால் அவன் சாக வெகுநேரம் ஆயிற்று.”

காற்று உடைமரங்களின் நெற்றுகளைக் குலுக்கியது. நின்றவர்களில் ஒருவர்கூட அசையவில்லை.

“மிஞ்சியவர்களுக்குக் கோதுமை கிடையாது, பார்லி மட்டும். கோட்டைக்குள் இடம் கிடையாது, வெளியேதான் கூடாரம். மன்னிப்பு உத்தரவு வரும்வரை அப்படி. தளபதி மறந்துவிட்டார். பிறகு செத்துவிட்டார். அவர் போன பிறகு எத்தனையோ பேர் ராஜாவானார்கள், எத்தனையோ பேரைக் கொன்றார்கள், அந்த ராஜ்ஜியமே இல்லாமல் போயிற்று. உத்தரவு மட்டும் அப்படியே இருக்கிறது.”

வெயிலு அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு, “அந்தப் பானைல கைய விடமாட்டோம்னு எண்பது பேருல ஒருத்தருமா சொல்லல?” என்று கேட்டாள்.

அவர் அந்தக் கேள்வியை இதற்கு முன் கேட்டதே இல்லாதவர்போல அவளைப் பார்த்தார். “இல்லை. எல்லாரும் ஒன்பது என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.”

“உங்க ஊருல யாருமே எதுத்து நின்னது கிடையாதா, அண்ணாச்சி?”

“உண்டு. என் தாத்தனுக்கும் தாத்தனுக்கும் முந்தின காலத்தில். பெரிய மனிதர்கள் சண்டைக்குக் கூப்பிட்டபோது சாதாரண சனம் போகவில்லை. ஈட்டியை எறியவில்லை, யார் வீட்டையும் கொளுத்தவில்லை. மொத்தமாக நகரத்தைவிட்டு வெளியேறி ஒரு குன்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்கள். ரொட்டி சுட ஆளில்லை, காவலுக்கு ஆளில்லை. கடைசியில் பெரியவர்கள் இறங்கிவந்து, சனங்கள் சார்பாக மறுத்துப் பேச இரண்டு பேரை ஒத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு பேர்மேல் யாரும் கை வைக்கக் கூடாது. எவ்வளவு பெரிய உத்தரவையும் அவர்கள் நடுவில் நின்று தடுக்கலாம். சின்ன வயதில் எங்களுக்கு இதை மனப்பாடம் செய்யவைத்தார்கள். பானை வந்த அன்றைக்கு ஒருவனுக்கும் ஞாபகம் வரவில்லை.”

வெயிலு எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “ரெண்டு பேருகூட வேண்டாம், ஒருத்தி நின்னாப் போதும்,” என்றாள். வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

குடம் வந்தது. மஞ்சள் பிளாஸ்டிக் குடம். அதை அம்பாரத்தின் உச்சியில், உப்பில் புதைத்து நிற்கவைத்தார்கள். நாங்கள் இருபத்திரண்டு வரிசையாக நின்றோம். உடைமரக் காட்டோரம் யவனர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையின் முதல் ஆள் வெயிலுகந்தாள். ஜெபத்துரை பெயரைக் கூப்பிட்டார். அவள் அம்பாரத்தின்மேல் ஏறினாள். குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எடு, வெயிலு,” என்றார் ஜெபத்துரை.

“மாட்டேன்.”

“நீ எடுக்கலன்னா உன் வரிசைல ரெண்டு பேரு போகணும்னு இதுல போட்டுருக்கு.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. திரும்பித் தன் வரிசையைப் பார்த்தாள். ஒன்பது பேரும் தலை குனிந்து நின்றார்கள். அவள் இறங்கவுமில்லை, கட்டிய கையை அவிழ்க்கவுமில்லை. அப்படி எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது, உப்பின் வெளிச்சத்தில் எல்லாருக்கும் கண்ணில் நீர் வழிய ஆரம்பித்திருந்தது. அப்போது வரிசையில் மூன்றாவதாக நின்ற சந்தனமாரி, பாத்தியில் குனிந்து ஒரு வாளி உவர்நீரை மொண்டுகொண்டு, அம்பாரத்தின்மேல் ஏறிப்போய், வாளியை அப்படியே குடத்துக்குள் கவிழ்த்தாள். நீர் பொங்கி வழிந்தது. சீட்டுகள் கரைந்து கூழாகி, கறுப்பு மை வெள்ளை உப்பில் கோடுகோடாக இறங்கியது.

“ராத்திரி பூராம் ஒம்போது ஒம்போதுன்னு எண்ணிப் பாத்தேன், சார்,” என்றாள். “ஒவ்வொரு தடவையும் எண்ணி முடிச்சா பத்தாவதா மைனி மூஞ்சிதான் வருது. நாங்க மாட்டோம்.”

பிறகு நாங்கள் நடந்தோம். இருநூற்றிருபது பேரும், வீட்டிலிருந்த பிள்ளைகளும் ஆடுகளும், ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தனமாரியின் மகளும், அளத்துக்கு மேற்கே சிவப்பு மணல் மேடாகக் கிடக்கும் தேரிக்காட்டுக்குப் போய், பனைமர நிழல்களில் உட்கார்ந்தோம். யாரையும் திட்டவில்லை. ஒரு கல்லும் எறியவில்லை.

முதல் நாள் கம்பெனி சிரித்தது. மூன்றாம் நாள் தண்ணீர் லாரியை நிறுத்தியது. நாலாம் நாள் காலையில் எழுபத்திரண்டு யவனர்களும், கேடயங்களைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு, தோளில் தண்ணீர்க்குடங்களோடு எல்லைக்கல்லைத் தாண்டி, ஊருக்குள் புகுந்து, தெரு வழியாகவே நடந்து எங்களிடம் வந்தார்கள். இரண்டாயிரம் வருசத்தில் அவர்கள் மீறிய முதல் உத்தரவு அது. கோவிந்தன் அண்ணாச்சி குடத்தை இறக்கிவைத்துவிட்டு, தன் கால்களைத் தானே குனிந்து பார்த்தார், அவை இன்னும் உடம்போடு இருக்கின்றனவா என்று பார்ப்பவர்போல. இசக்கி ஒரு தட்டில் சோறு போட்டு நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். குழம்பில் காரம் ஜாஸ்தி என்று நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம்.

ஆறாம் நாள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்தார்கள். அவர்கள் பாத்தியில் இறங்கி அரை மணி நேரத்தில் கால் வெந்து கரையேறினார்கள். கரையேறி, எங்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நீங்கள் எப்படித்தான் இதில் நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். உப்பு வாரப்படாமல் பாத்திகளில் இறுகத் தொடங்கியது. எட்டாம் நாள் அது பலகைக்கு அசையாத பாறையாகிவிட்டது. ஒன்பதாம் நாள் கிழக்கே, வரக்கூடாத மாதத்தில், ஒரு மேகம் வந்து நின்றது. மழை விழுந்தால் அம்பாரம் பூராவும் கரைந்து, வந்த கடலுக்கே போய்விடும்.

அன்றைக்கு ஜெபத்துரை மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“பூட்ஸ் உண்டு. கண்ணாடி உண்டு. கக்கூஸ் கட்டித் தாறோம்னு எழுதிக் குடுக்காவ. சீட்டும் கிடையாது. எல்லாரும் வேலைக்கு வரலாம்.” செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். “வெயிலுகந்தாளத் தவிர.”

எவ்வளவு பெரிய கூட்டமாக இருந்தாலும், எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கினால் அது கேட்கும். பசித்த பிள்ளைகள் எங்கள் மடியில் கிடந்தன. வெயிலு எங்களைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள், எழுந்து நின்றாள்.

“சரின்னு சொல்லிருங்க,” என்றாள். “நான் ஒருத்திதான. எங்கயாச்சும் பொழச்சிக்கிடுவேன். போங்க, மழை வருது.”

“ஒக்காரு மைனி,” என்றாள் சந்தனமாரி.

“சொன்னாக் கேளு, மாரி. ஒம்மவ வயித்தப் பாரு.”

“அவதான் சொல்லச் சொன்னா. ஒக்காரு.” சந்தனமாரி ஜெபத்துரையிடம் திரும்பினாள். “பத்துக்கு ஒண்ணு மாட்டோம்னு சொன்னவங்க எறநூத்தி இருவதுக்கு ஒண்ணுன்னா மட்டும் விட்டுருவோமா? எண்ணிக்கய நீங்க மாத்துதீங்க. சங்கதி அதேதான. போய்ச் சொல்லுங்க, ஜெபத்துரை. ஒங்கம்மா இருந்தா அவளும் இங்கனதான் ஒக்காந்துருப்பா.”

ஜெபத்துரை அங்கேயே நின்றார். மேகம் பனைகளுக்கு மேலே வந்துவிட்டது. அவர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, எங்களுக்கு முன்னாலேயே முதலாளியைக் கூப்பிட்டு, “ஐயா, அவங்க வரமாட்டாங்க. நானும் இனிமே போய்க் கேக்கமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்தார்.

பதினோராம் நாள் கம்பெனி கையெழுத்துப் போட்டது, வெயிலுகந்தாள் பெயரையும் சேர்த்துத்தான். மேகம் பாதி அம்பாரத்தைக் கரைத்துவிட்டுத்தான் போயிருந்தது. ஜெபத்துரையின் வேலை போயிற்று. பிறகு அவர் எங்கள் கூடவே பலகை பிடித்தார், முதல் வாரம் முழுக்கக் கொப்புளத்தோடு நொண்டினார். சந்தனமாரிக்குப் பேத்தி பிறந்தாள். கக்கூஸுக்கு இன்றைக்கும் கதவு சரியாகச் சாத்தாது.

வேலைக்கு இறங்கிய மறுவாரம் யவனர்கள் கூடாரத்தைப் பிரித்தார்கள். கோவிந்தன் அண்ணாச்சி பாத்திக்கரைக்கு வந்து விடை சொன்னார்.

“உத்தரவு வந்துட்டா, அண்ணாச்சி?” என்று வெயிலு கேட்டாள்.

“இல்லை. நாங்கள் போகிறோம். இந்தக் கடல் வழியே திரும்பிப் போனால் அந்தக் காலை அப்படியே இருக்கிறது. தளபதி அங்கே இன்னும் உயிரோடுதான் நின்றுகொண்டிருக்கிறார், பானையோடு; லூக்கியுஸும் இன்னும் சாகவில்லை. போய் அவரிடம் ஒரு சொல் சொல்ல வேண்டும்.”

“சொன்னா ஒங்களையும் கொன்னுருவாருல்லா?”

“கொல்லலாம். எண்பது பேரையும் கொல்ல அவருக்கு எண்பது பேர் வேண்டும். அவர்களும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.” அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். “எங்கள் பேச்சில் அந்தச் சொல் அன்றைக்குத் தொண்டையிலேயே கிடந்து கெட்டுப்போய்விட்டது. உங்களுடையதைக் கொண்டுபோகிறோம். அது ஒருதடவை வெளியே வந்து நின்ற சொல்.”

எங்கள் பேச்சை அவர் வாயால் சொன்னது அன்றைக்குத்தான் முதல்முறை. “மாத்தோம்,” என்றார்.

“அப்படி இல்ல,” என்றாள் சந்தனமாரி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. “நாக்க மேல மடக்கி அடிச்சுச் சொல்லணும். மாட்டோம்.”

“மாத்தோம்.”

“மாட்-டோம். அங்க போய் மாத்தோம்னா அந்தாளு எதயோ மாத்தச் சொல்லுதாவன்னு நெனைச்சுக்கிடுவாரு.”

அப்போதுதான் அவர்கள் சிரித்து நாங்கள் பார்த்தோம், எழுபத்திரண்டு பேரும். பிறகு வரப்பின்மேல் ஒருவர் பின் ஒருவராக, கடலைப் பார்த்து நடந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, இரும்புச் சட்டையின் கழுத்துக்கு வந்தது. நாங்கள் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டோம். நாக்கை மடக்கி, தப்பாகச் சொல்லி, திருத்திச் சொல்லி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனார்கள். கடைசியாக மூழ்கிய ஆள் அதைச் சரியாகச் சொன்னார்.